வீட்டில் சப்பர் கிளப் நடத்துவது எப்படி: மெனு முதல் கடைசி டம்ளர் வரை

வீட்டுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது நமக்குப் புதிதில்லை. முன்பின் தெரியாத பத்துப் பேரை வரவழைத்து, தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, ஒரே மேசையில் உட்காரவைத்துப் பரிமாறுவதுதான் புதிது. அதுதான் சப்பர் கிளப். லண்டனில் அஸ்மா கான் 2012-ல் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் ஆரம்பித்தார். 2017-ல் அது டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ் உணவகமானது. மும்பையில் முனாஃப் கபாடியா 2014-ல் தன் அம்மாவின் போஹ்ரா முஸ்லிம் சமையலை வைத்து வீட்டிலேயே நடத்திய விருந்து, போஹ்ரி கிச்சன் என்று பெயர் வாங்கியது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருவருமே ‘இந்தியச் சாப்பாடு’ என்று பொதுவாக எதையும் போடவில்லை. தங்கள் வீட்டில் என்ன சமைத்தார்களோ அதைத்தான் போட்டார்கள்.

இந்த வழிகாட்டி, சென்னை மாதிரி ஒரு ஊரில், சாதாரண அடுக்குமாடி வீட்டில், எட்டு முதல் பத்துப் பேருக்கு மாலை விருந்து நடத்த நினைப்பவர்களுக்கானது. பானங்களுக்கு இதில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், காரணமாகத்தான். சமையலுக்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள்கூட, குடிக்க என்று வரும்போது மேசை நடுவில் இரண்டு லிட்டர் கோலா பாட்டிலை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். அந்த பாட்டில், மூன்று மணி நேரம் வறுத்து அரைத்த மசாலாவை ஒரே மடக்கில் கெடுத்துவிடும். எப்படி என்று கீழே பார்ப்போம்.

1. ஒரே ஒரு ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பனீர் பட்டர் மசாலா, செட்டிநாட்டுக் கோழி, மலபார் பரோட்டா, ரசமலாய் என்று மெனு போட்டால் அது கல்யாண பஃபே. அதற்காக யாரும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. நெல்லை, செட்டிநாடு, கொங்கு, நாஞ்சில், ஆம்பூர் என்று ஏதாவது ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி வீட்டு வட்டாரமாக இருந்தால் இன்னும் நல்லது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியும்.

உதாரணத்துக்கு நெல்லைச் சைவ மெனு ஒன்று: பானகம், உளுந்த வடை, சொதியும் சோறும், இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், தயிர்சாதத்தோடு மோர் மிளகாய், அல்வா, கடைசியில் சுக்குக் காபி. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. சொதி நெல்லைப் பக்கத்தில் கல்யாணத்துக்கு அடுத்த நாள் மறுவீட்டு விருந்தில் போடுவது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கும் என்பதால்தான் பக்கத்திலேயே இஞ்சித் துவையல். மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொன்னாலே பேச்சு தானாகக் கிளம்பும்.

அல்வாவைக் கடையில் வாங்குங்கள். பத்துப் பேர் வரும் நாளில் கோதுமைப் பால் எடுத்துக் கிண்டிக்கொண்டிருப்பது வீரம், ஆனால் தேவையில்லாத வீரம்.

2. காசு வாங்குவதாக இருந்தால்

நண்பர்களுக்கு இலவசமாகப் போடும்வரை எந்தச் சட்டமும் உங்களைத் தேடி வராது. காசு வாங்கும் நிமிடத்தில் அது உணவுத் தொழில். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்களும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) பதிவு வாங்க வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று முகவர் யாரும் தேவையில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தோன்றுவதில்லை. ஒன்று, 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். தொழில் என்று ஆகிவிட்டால் 19 கிலோ வணிக சிலிண்டர் வேண்டும், அல்லது இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற வேண்டும். இரண்டு, குடியிருப்போர் சங்கம். முதல் விருந்துக்கு முன்பே சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எத்தனை வண்டி வரும், எத்தனை மணிக்கு முடியும் என்பதுதான் அவர் கவலை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும். பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா அல்வா கொடுத்தனுப்பினால் பாதிப் பிரச்சினை வராது.

விலைக்கு எளிய கணக்கு: சாமான் செலவு, வாங்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்துப் பேருக்குச் சாமான் 5,000 ரூபாய் ஆகும் என்றால், தலைக்கு 1,500. மிச்சம் கேஸ், ஐஸ், வாழையிலை, பாத்திரம் தேய்க்க வருபவரின் கூலி, அப்புறம் உங்கள் உழைப்பு. முழுத் தொகையையும் யூபிஐ வழியாக முன்பே வாங்கிவிடுங்கள். விருந்துக்கு 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது வரவில்லை என்று சொன்னால் பணம் திரும்பாது, வேறு ஆளை அனுப்பிக்கொள்ளலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். நம் ஊரில் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட்டால் பத்து இலையில் நான்கு காலியாக இருக்கும்.

3. யார் வருகிறார்கள், என்ன கேட்க வேண்டும்

எட்டுப் பேர் உத்தமம், பத்து உச்சம். அதற்கு மேல் போனால் மேசை இரண்டாகப் பிரிந்து இரண்டு பேச்சு நடக்கும். ஜோடியாக வருபவர்கள் நான்கு, தனியாக வருபவர்கள் இரண்டு என்று அமைந்தால், தனியாக வந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். இருவரும் மாட்டிக்கொண்டதாக நினைப்பார்கள். ஜோடிகளைப் பிரித்து எதிரெதிரே போட்டு, நடுவில் இவர்களை வையுங்கள்.

பணம் வந்ததும் வாட்ஸ்அப்பில் நான்கு கேள்விகள் போதும். சைவமா அசைவமா? வெங்காயம், பூண்டு, கிழங்கு ஏதாவது தவிர்ப்பீர்களா? (ஜைனர்கள் வந்தால் உருளைக்கிழங்கு வறுவல் போச்சு.) நிலக்கடலை, முந்திரி, பால், கோதுமை, இறால், நண்டு எதற்காவது ஒவ்வாமை உண்டா? காரம் எவ்வளவு தாங்கும்? அசைவ விருந்து என்றால் ஹலால் வேண்டுமா என்று ஐந்தாவதாகவும் கேட்டுவிடுங்கள்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர் வந்தால் பெருங்காயத்தைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் அது போகும். அரிசி மாவு கலந்தது கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

4. மெனு: கடைசி அரைமணி நேரத்தை வைத்து எழுதுங்கள்

மெனுவை ருசியை வைத்து எழுதாதீர்கள், அடுப்பை வைத்து எழுதுங்கள். விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு எத்தனை வேலை அடுப்பில் பாக்கி இருக்கிறது? இரண்டுக்கு மேல் இருந்தால் மெனு தவறு. வடையும் கடைசி நேரம், அப்பளமும் கடைசி நேரம், தோசையும் கடைசி நேரம் என்றால் நீங்கள் சாப்பாட்டு அறைப் பக்கமே வர மாட்டீர்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் உங்களையும்தான் பார்க்க வந்திருக்கிறார்கள்.

நெல்லை மெனுவில் கடைசி நேர வேலை இரண்டே: வடை சுடுவது, சொதிக்குக் கெட்டிப்பால் ஊற்றுவது. துவையல் காலையிலேயே. ரசம் மாலை ஐந்துக்கு. வறுவல் ஆறரைக்கு.

சொதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான். பத்துப் பேருக்கு மூன்று தேங்காய், 200 கிராம் பாசிப்பருப்பு. தேங்காயை வெந்நீர் தெளித்து அரைத்து முதல் பாலைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணி வேகட்டும். குழைய வெந்த பருப்பையும், இஞ்சி பச்சைமிளகாய் விழுதையும் சேர்த்து ஒரு கொதி. இந்த நிலையில் மாலை ஐந்து மணிக்கே நிறுத்தி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி சூடாக்கி, தீயைக் குறைத்து, முதல் பாலை ஊற்றிக் கிளறுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டி மெல்ல மேலே வரும். அந்த நிமிடம் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். எலுமிச்சைச் சாறு சூடு சற்று தணிந்த பிறகுதான். இரண்டாம் முறை பரிமாறும்போது மறுபடி அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள்.

அளவுகள்: பல வகை இருக்கும்போது தலைக்கு 80 கிராம் அரிசி போதும், அதாவது பத்துப் பேருக்கு 800 கிராம். உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ, வறுவல் எப்போதும் பற்றாது. இஞ்சி 150 கிராம். அசைவ விருந்தில் இரண்டு கறி வகை இருந்தால் எலும்போடு தலைக்கு 125 கிராம் வீதம் ஒவ்வொன்றும்.

5. பானம்: நாக்கு என்ன கேட்கிறது?

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மெனுவில் உள்ள ஒரு பதார்த்தத்தை ஒரு வாய் சாப்பிடுங்கள், விழுங்கிவிட்டுப் பத்து வினாடி சும்மா இருங்கள். வாயில் என்ன மிச்சம் இருக்கிறது? எண்ணெய்ப் படலமா, எரிச்சலா, புளிப்பா, மாவா? அந்த மிச்சத்தைத் துடைக்கிற பானம்தான் அதற்கு ஜோடி. சரியான பானம் குடித்த பிறகு அடுத்த வாய் முதல் வாய் போலவே இருக்கும். மொத்த விஷயமும் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் விளக்கம்.

காரத்தில் ஆரம்பிப்போம். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் வாய் முழுக்கப் பரவுமே தவிர அடங்காது. பாலில் உள்ள கேசின் புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரையும் எரிச்சலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆக, காரத்துக்கு மோர், பால் சேர்ந்தவை, லேசான இனிப்பு. சோடாவின் குமிழி அதற்கு நேரெதிர். அதில் உருவாகும் கார்பானிக் அமிலமே நாக்கைச் சுருக்கென்று குத்தும். ஏற்கெனவே எரிகிற வாயில் அது இன்னொரு குத்து. கோலா பாட்டில் மசாலாவைக் கெடுக்கும் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது தெரியும். குத்துவது ஒருபுறம், அந்த அளவு சர்க்கரை மசாலாவின் நுணுக்கத்தையெல்லாம் மூடியும் விடுகிறது.

மிளகின் காரம் வேறு மாதிரி. அது பைப்பரின். சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும். மிளகு வறுவலுக்கு மோர் கெட்டியாக வேண்டாம், நீர்த்த மோர் போதும்.

கொழுப்புக்குப் புளிப்பு. தேங்காய்ப்பால், நெய், ஆட்டுக்கறிக் கொழுப்பு எதுவானாலும் எலுமிச்சை, மாங்காய், புளி, கோகம் (மேற்குக் கரையோரத்துப் புளிப்புப் பழம்) ஆகியவை நாக்கைத் துலக்கிவிடும். பொரித்ததற்கும் அதேதான். காரம் இல்லாத வடை, பஜ்ஜிக்கு மட்டும் சோடா தாராளமாகப் பொருந்தும். உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவும் உளுந்த வடையும் பக்கத்தில் இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இனிப்புக்கு இனிப்பு கொடுக்காதீர்கள். அல்வாவோடு ரோஸ் மில்க் வைத்தால் இரண்டுமே தோற்கும். சர்க்கரை போடாத ஃபில்டர் காபியின் கசப்பு அல்வாவின் நெய்யையும் இனிப்பையும் எடுத்துக் காட்டும்.

இப்போது நெல்லை மெனுவுக்குப் பொருத்திப் பார்ப்போம். உள்ளே நுழைந்ததும் பானகம், 100 மில்லிக்கு மேல் வேண்டாம், வெல்லம் பசியைக் கொன்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சை, அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, நான்கு ஏலக்காய், ஒரு சிட்டிகை மிளகு. கோயிலில் கொடுப்பதைவிட இனிப்பு குறைவு, வேண்டுமென்றே. வெல்லத்தைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மணல் இருக்கும். வடைக்கு எலுமிச்சை சோடா. சொதிக்கு மோர் வேண்டாம். தேங்காய்ப்பாலுக்கு மேல் தயிர் போனால் வாய் கனத்துப்போகும். கோடையில் பச்சை மாங்காயை வேகவைத்துக் கரைத்த பானம், மற்ற மாதங்களில் நன்னாரியும் எலுமிச்சையும். நன்னாரி சர்பத்தில் பாட்டில் சொல்லும் அளவில் பாதி போடுங்கள். எலுமிச்சையை இரட்டிப்பாக்குங்கள். ரசத்துக்குப் பானமே தேவையில்லை, டம்ளரில் ஊற்றினால் அதுவே பானம். தயிர்சாதத்துக்கு வெறும் தண்ணீர். அல்வாவுக்குக் கசப்புக் காபி. இரவு பத்து மணிக்குக் காபி வேண்டாம் என்பவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், அவர்களுக்குச் சுக்கு, மல்லி, கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் காபித்தூள் இல்லாத சுக்குக் காபி. கருப்பட்டி அந்தப் பக்கத்துச் சரக்குதான் என்பதால் மெனுவிலிருந்து விலகாது.

செட்டிநாட்டு மேசை என்றால் கதை மாறும். மட்டன் சுக்கா, கோழி மிளகு வறுவல், நண்டு மசாலா எல்லாமே காரமும் எண்ணெயும் சேர்ந்தவை. இங்கேதான் நீர்மோர் ராஜா. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு. பச்சைமிளகாயைத் தட்டிப்போடும் பழக்கத்தை அன்று மட்டும் விட்டுவிடுங்கள், ஏற்கெனவே இருக்கிற காரம் போதும். புளிக்காத தயிராக இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு இரண்டு லிட்டர் மோர், அதாவது அரை லிட்டர் தயிர். கடைசியில் கவுனி அரிசி இனிப்புக்கு மறுபடி கசப்புக் காபி.

வட்டாரம் தாண்டி இரண்டு பானங்களைச் சொல்லாமல் விட முடியாது. கொங்கண் பக்கத்து சோல் கடி: கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது, ரோஜா நிறத்தில் இருக்கும். பாலின் மெத்தென்ற தன்மையும் புளிப்பும் ஒன்றாக இருப்பதால் காரமான மீன் குழம்புக்கு அதை மிஞ்சியது இல்லை. பால் ஒவ்வாதவர்களுக்கு மோருக்குப் பதிலாகவும் கொடுக்கலாம். மற்றது வட இந்தியக் காஞ்சி: கருப்பு கேரட்டைக் கடுகுப்பொடி, உப்பு, தண்ணீரில் போட்டு வெயிலில் மூன்று நான்கு நாள் புளிக்கவைப்பது. கடுகின் நெடி எல்லோருக்கும் பிடிக்காது. சிறு கண்ணாடி டம்ளரில் கொடுத்துப் பாருங்கள், கேட்டு வாங்கிக் குடிப்பவர்கள் மேசைக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

கோடை விருந்தாக இருந்து, அன்று இறக்கிய பதநீர் கிடைத்தால் மற்றதையெல்லாம் ஓரம் வைத்துவிடுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. ஆனாலும் வாங்கிய உடனே குளிரில் வைத்து அன்றே தீர்க்க வேண்டும்.

6. மதுவைப் பற்றி

காசு வாங்கும் விருந்தில் மது வேண்டாம். சாப்பாட்டு விலைக்குள் ஒரு கிளாஸ் ஒயின் ‘இலவசம்’ என்று கொடுத்தாலும் அது உரிமம் இல்லாத விற்பனையாகத்தான் பார்க்கப்படும். மது மாநிலங்களின் அதிகாரத்தில் வருவது, அதனால் ஊருக்கு ஊர் விதி வேறு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குஜராத்திலும் பீகாரிலும் பேச்சுக்கே இடமில்லை. கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடையில் இருக்கிறது, கேரளாவில் கள்ளுக்கடையே உண்டு.

நண்பர்களுக்கு மட்டும் இலவசமாக நடத்தும் விருந்தில், குடிப்பவர்கள் இருந்தால், பொருத்தத்தின் விதி மேலே சொன்னதுதான், ஒரு திருத்தத்தோடு. மிளகாய் சீண்டுகிற அதே நரம்பு உணர்வியைத்தான் ஆல்கஹாலும் சீண்டுகிறது. சரக்கின் வீரியம் ஏற ஏற எரிச்சலும் ஏறும். காரக் கறிக்கு விஸ்கி என்பது பழக்கம், பொருத்தம் அல்ல.

ஒயினில் லேசாக இனிப்பு மிச்சமிருக்கும் வெள்ளை வகை நம் சாப்பாட்டுக்கு முதல் தேர்வு. நாசிக்கில் சூலா போன்ற தோட்டங்கள் தயாரிக்கும் செனின் பிளாங் அப்படிப்பட்டது, காரத்தைத் தாங்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் லேசாக இனிப்பு மிச்சமிருக்கும் ரீஸ்லிங் ஒயினைத் தேடலாம். புளிக்குழம்பு, ரசம் மாதிரி புளிப்பு தூக்கலாக உள்ளவற்றுக்குப் புளிப்புள்ள சாவிஞோன் பிளாங். சாதுவான ஒயின் புளிக்கு முன்னால் தண்ணீராகிவிடும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் மிளகாயோடு சேர்ந்தால் கசக்கும். மீனோடு சேர்ந்தால் ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீன் வாடையைத் தூக்கிவிடும். சிவப்புதான் வேண்டும் என்றால் துவர்ப்பு குறைந்ததாக, காரம் குறைந்த ஆட்டுக்கறிக்கு மட்டும். அதை அறை வெப்பநிலையில் வைக்கச் சொல்வார்கள். அது 18 டிகிரி அறைக்குச் சொன்னது, சென்னையின் 32 டிகிரி அறைக்கு அல்ல. அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். பீரில் லாகரும் கோதுமை பீரும் சரி. கசப்பு அதிகமான ஐபிஏ வகை பீர், மிளகாயின் எரிச்சலை இன்னும் கூர்மையாக்கும். 750 மில்லி ஒயின் பாட்டில் ஐந்து கிளாஸுக்கு வரும்.

குடிக்காதவர்களுக்கு ஒயினுக்கு நிகரான கவனத்தோடு ஒரு பானம் இருக்க வேண்டும், ‘தண்ணி இருக்கு, எடுத்துக்குங்க’ என்று விடக்கூடாது. வண்டி ஓட்டுபவர் யார் என்பதை மாலை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

7. மேசை

வாழையிலை போட்டால் நுனி சாப்பிடுபவரின் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள். டம்ளர் எங்கே என்பதை யாரும் சொல்வதில்லை. வலது கை சோற்றில் இருக்கும்போது எடுக்கப்போவது இடது கையால், ஆகவே டம்ளர் இடது பக்கம். காம்பு வைத்த ஒயின் கிளாஸை வலது பக்கம் நிறுத்தினால், முதல் பத்து நிமிடத்தில் ஒரு முழங்கை அதைச் சாய்க்கும். அடி கனமான, குட்டையான கண்ணாடி டம்ளர் போதும். மோருக்குப் பித்தளையும் செம்பும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக ருசி இறங்கும். எவர்சில்வர் நல்லது, குளிர்ச்சியும் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் தண்ணீர் டம்ளர் ஒன்று, பான டம்ளர் ஒன்று. ஐஸ் பத்துப் பேருக்கு மூன்று கிலோ. மின்விசிறி இலையைத் தூக்கும், வேகத்தைக் குறைத்துவிட்டு ஏசியை ஆறரைக்கே போடுங்கள். கை கழுவும் இடத்தில் சோப்பும் பத்துச் சிறு துண்டும் வையுங்கள். ஒரே துண்டைப் பத்துப் பேர் துடைப்பதைப் பார்த்தால் பசி போய்விடும்.

8. முந்தின நாளும் அன்றும்

ஒரு வாரம் முன்பு முழு மெனுவையும் வீட்டாருக்குச் சமைத்து, பானங்களோடு ஒத்திகை பாருங்கள். முந்தின நாள் மளிகை, காய்கறி, நன்னாரி, அல்வா, வாழையிலை எல்லாம் வந்துவிட வேண்டும். தேங்காயும் கறியும் மீனும் அன்று காலைதான். பானகத்தையும் மாங்காய்க் கரைசலையும் முந்தின இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நன்றாக ஊறும். மோரை மாலையில் கரைத்தால் போதும்.

அழைப்பில் ஏழு மணி என்று போட்டு, ஏழே முக்காலுக்கு இலை போடுங்கள். அந்த முக்கால் மணி நேரம் பானகத்துக்கும் அறிமுகத்துக்கும், தாமதமாக வருபவர்களுக்கும். ஏழே முக்காலுக்கு வராதவருக்காகக் காத்திருக்காதீர்கள். சரியான நேரத்துக்கு வந்த ஒன்பது பேருக்குச் செய்யும் அநியாயம் அது.

பரிமாற ஒருவர் வேண்டும். தம்பியோ, தோழியோ, சம்பளத்துக்கு ஒருவரோ. இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்தால் சோறு ஆறிவிடும், அல்லது டம்ளர் காலியாக நிற்கும். பானம் எப்போதும் அதற்குரிய பதார்த்தத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வர வேண்டும். சோறு விழுந்த பிறகு நன்னாரி வந்தால் பாதிப் பேர் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: இது என்ன, எதனால் இதோடு. மூன்றாவது வாக்கியம் வந்தால் பிரசங்கம்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்கட்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது, நம் கோடையில் ஒரு மணி நேரமே அதிகம். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பாலும்தான் முதலில் கெடும். மிச்சச் சொதியை அன்போடு டப்பாவில் கட்டிக் கொடுக்கும் ஆசை வரும், கொடுக்காதீர்கள். இஞ்சித் துவையல், அல்வா கொடுத்தனுப்பலாம்.

9. எல்லோரும் போன பிறகு

பாத்திரம் தேய்க்கப் போடுவதற்கு முன் டம்ளர்களைப் பாருங்கள். எந்தப் பானம் பாதியோடு திரும்பி வந்திருக்கிறது? விருந்தாளிகள் முகத்துக்கு நேரே ‘எல்லாம் பிரமாதம்’ என்றுதான் சொல்வார்கள், டம்ளர் பொய் சொல்லாது. நன்னாரி ஆறு டம்ளரில் மிச்சம் என்றால் இனிப்பு அதிகம். மோர் மூன்று பேருக்குப் பற்றவில்லை என்றால் கறியில் காரம் நீங்கள் நினைத்ததைவிட ஏறியிருக்கிறது. இலையிலும் அப்படியே. எது ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நன்றி சொல்லி ஒரு செய்தி, கூடவே இஞ்சித் துவையலின் செய்முறை. கேட்டவருக்கு மட்டும் என்று வைக்காமல் எல்லோருக்கும் அனுப்புங்கள். செலவுக் கணக்கை அன்றே எழுதிவிடுங்கள், ஐஸும் இலையும் மறந்துபோகும். அடுத்த விருந்துக்கு ஒரு மாதமாவது விடுங்கள். மெனுவில் ஒரு பதார்த்தத்தையும் ஒரு பானத்தையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். மொத்தமாக மாற்றினால் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று பிடிக்க முடியாது.